வெளிநாட்டு உதவி: கொடையா, கடனா?

பேரிடர் மேலாண்மைப் பாடத்தில் 'வெளிநாடுகள் நிதியுதவி அளிக்கின்றன' என்று சொன்னதும், என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அந்தப் பணத்தைத் திருப்பித் தரணுமா சார்?" என்று கேட்டாள். இதை விளக்க நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு நேபாளம்.

2015 ஏப்ரல் 25 அன்று அங்கு 7.8 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தனர். சுமார் 5 லட்சம் வீடுகள் இடிந்தன. ஜூன் மாதம் காத்மாண்டுவில் கூடிய மாநாட்டில், பல நாடுகளும் வங்கிகளும் சுமார் 440 கோடி டாலர் தருவதாக உறுதியளித்தன. அதில் ஏறத்தாழ பாதி கடன். இந்தியா அறிவித்த 100 கோடி டாலரில் 25 கோடி கொடை. 75 கோடி சலுகைக் கடன்.

கடன் என்பதாலேயே அது உதவி ஆகாமல் போய்விடாது. சாலையும் பாலமும் உடனே எழ அது உதவும். ஆனால், இடிபாடுகளிலிருந்து மீண்ட நாடே அதைப் பின்னாளில் அடைக்க வேண்டும். அறிவித்த தொகை முழுவதும் உடனே கைக்கு வருவதும் இல்லை. நேபாளத்தின் மறுகட்டமைப்பு ஆணையம் செயல்படத் தொடங்கவே டிசம்பர் ஆகிவிட்டது. அதற்குள் மழைக்காலமும் போய்க் குளிர்காலமும் வந்துவிட்டது.

பணம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதும் பாடமே. வீடிழந்த குடும்பத்துக்கு நேபாள அரசு 3 லட்சம் நேபாள ரூபாயை மூன்று தவணைகளாக வழங்கியது. முதலில் 50,000, அடித்தளத்தைப் பொறியாளர் சரிபார்த்தபின் 1,50,000, சுவர் எழுந்தபின் 1,00,000. அடுத்த நடுக்கத்தைத் தாங்கும் வீடாக எழ வேண்டும் என்பதே இந்தச் சோதனையின் நோக்கம். கூர்க்கா, நுவாகோட் மாவட்டங்களில் 50,000 வீடுகளுக்கு இந்தியா நிதி அளித்தது. கட்டியவர்கள் அந்தந்தக் குடும்பத்தினரே.

இதை வகுப்பில் எளிதாகச் செய்யலாம். மேலே உள்ள தொகைகளைக் கரும்பலகையில் எழுதி, கொடை எத்தனை விழுக்காடு, ஒவ்வொரு தவணையும் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடச் சொல்லுங்கள். பிறகு செய்தித்தாளில் வரும் நிதியுதவிச் செய்தி ஒன்றைக் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதில் கொடை எவ்வளவு? எப்போது கிடைக்கும்? யார் கைக்குப் போகும்? செய்தியில் விடை இல்லாத கேள்வியையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். நாளை வரி செலுத்தப்போகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் தேவை.