எண்ணிம ஊடகங்களில் தொல்லியல்: கீழடிக் காலக்கணிப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அகழாய்வுச் செய்திகளைப் பலர் இன்று கைப்பேசித் திரையின் வழியாகவே அறிகின்றனர். முடிவுகள் விரைந்து பரவும் இச்சூழலில், அவற்றுக்கு அடிப்படையான மண்ணடுக்கு, ஆழம், மாதிரி, காலநெடுக்கம் ஆகியவை விடுபட்டுப் போகின்றன. கீழடியின் காலக்கணிப்பையும் கொந்தகை மண்டையோடுகளின் முக மீட்டுருவாக்கத்தையும் சான்றாகக் கொண்டு, முடிவோடு சான்றின் வழியையும் சேர்த்து வழங்க வேண்டியதன் தேவையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கீழடி, கொந்தகை, எண்ணிம ஊடகம், கரிமக் காலக்கணிப்பு, மக்கள் தொல்லியல்

முன்னுரை

அகழாய்வு சான்றைத் தேடும் பணி. அதே வேளையில், சான்று கிடந்த நிலையைக் கலைக்கும் பணியும் ஆகும். ஒருமுறை அகழ்ந்த மண்ணடுக்கை மீண்டும் அகழ இயலாது. எனவே அளவீடு, வரைபடம், ஒளிப்படம், பதிவேடு ஆகியனவே பின்னர் அவ்விடத்திற்குச் சாட்சியாக நிற்கின்றன. இப்பதிவுகளை எவர் கைக்கும் கொண்டுசேர்க்கும் ஆற்றல் எண்ணிம ஊடகத்திற்கு உண்டு. ஆயினும் நடைமுறையில் மிகுதியாகப் பரவுவன, பொருளின் படமும் ஓர் ஆண்டெண்ணுமே.

கீழடியும் மக்கள் ஆர்வமும்

சிவகங்கை மாவட்டத்தில், மதுரைக்கு அருகே வைகைக் கரையை ஒட்டி அமைந்தது கீழடி. இங்கு 2014-15ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. 2017-18 முதல் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை அதனைத் தொடர்ந்தது. நான்காம் கட்ட அகழாய்வின் அறிக்கை 2019 செப்டம்பரில் வெளிவந்தது. அகழ்வைப்பகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஓர் அகழாய்வு கல்விப்புல எல்லையைக் கடந்து மக்களின் அன்றாடப் பேச்சில் இடம்பெற்றமைக்குக் கீழடி தக்க எடுத்துக்காட்டாகும். இதில் எண்ணிம ஊடகத்தின் பங்கு பெரிது.

ஓர் எண்ணின் பின்புலம்

கீழடி குறித்து மிகுதியாகப் பகிரப்படும் எண் கி.மு. 580. இது ஊர் முழுமைக்குமோ அங்குக் கிடைத்த எல்லாப் பொருள்களுக்குமோ உரிய ஆண்டன்று. 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட ஒரு கரிமாதிரிக்கு உரியது. 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மற்றொரு மாதிரியின் காலம் கி.மு. 205 என அதே அறிக்கை தெரிவிக்கிறது. இவ்விரு எண்களையும் ஆழத்தோடு சேர்த்துக் காணும்போதுதான், அங்கு மக்கள் நெடுங்காலம் தொடர்ந்து வாழ்ந்தனர் என்னும் முதன்மையான செய்தி புலப்படுகிறது. ஒற்றை எண்ணில் அது மறைந்துவிடுகிறது.

இங்கு மேலும் இரண்டு நுட்பங்கள் கருதத்தக்கன. முதலாவதாக, கரிமக் கணிப்பு அளப்பது உயிர்ப்பொருள் இறந்த காலத்தை. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓட்டின் காலம், அந்த ஓடும் மாதிரியும் ஒரே மண்ணடுக்கில் கிடந்தன என்பதிலிருந்து உய்த்துணரப்படுவதாகும். இரண்டாவதாக, கரிம அளவீட்டை ஆண்டாக மாற்ற உதவும் அளவுத்திருத்த வளைகோடு, ஏறத்தாழ கி.மு. 800 முதல் கி.மு. 400 வரையிலான பகுதியில் தட்டையாக அமைந்துள்ளது. ஆகவே இக்காலப்பகுதியைச் சேர்ந்த மாதிரிகள் பெரும்பாலும் விரிந்த காலநெடுக்கத்தையே தருகின்றன. இதனைக் கூறுவதால் கீழடியின் சிறப்புக் குறைவதில்லை. மாறாக, அதன்மீதான கூற்று உறுதிபெறுகிறது.

முகங்களும் ஊகமும்

கொந்தகை, கீழடியோடு தொடர்புடைய ஈமக்காடு. அங்குக் கிடைத்த மண்டையோடுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இரண்டு ஆண்முகங்கள் எண்ணிம முறையில் மீட்டுருவாக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டில் இப்படங்கள் பரவலாகப் பகிரப்பட்டன. முகத்தின் வடிவத்திற்கு எலும்பு அடிப்படை தருகிறது. தசை, தோல் ஆகியவற்றின் தடிமன் மதிப்பீடாகும். தோலின் நிறமும் கண்ணின் நிறமும் எலும்பின் வடிவத்திலிருந்து பெறத்தக்கன அல்ல. ஆயினும் திரையில் இவையனைத்தும் ஒரே தெளிவோடு தோன்றுகின்றன. எது சான்று, எது மதிப்பீடு, எது ஊகம் என்பதைப் படம் தானாகக் கூறுவதில்லை.

கணினிவழிக் காட்சிப்படுத்தலுக்கான இலண்டன் சாசனம் (2009) இச்சிக்கலைக் கருத்திற்கொண்டது. மீட்டுருவாக்கத்தின் ஒவ்வொரு முடிவும் எதனை அடிப்படையாகக் கொண்டது என்பதைப் பதிவுசெய்து வெளிப்படுத்த வேண்டும் என அது வலியுறுத்துகிறது.

செய்யத்தக்கன

ஒரு காலக்கணிப்பைப் பகிரும்போது குழி எண், ஆழம், மாதிரியின் தன்மை, காலநெடுக்கம் ஆகிய நான்கையும் உடன் தருதல் வேண்டும். இதற்குச் சில வரிகளே போதும். மீட்டுருவாக்கப் படங்களில் ஊகப்பகுதிகளை வேறு வண்ணத்தால் காட்டலாம். அறிக்கையின் உரிய பக்கத்திற்கு இணைப்பளிக்கலாம். கல்லூரி வகுப்புகளில், பரவலாகப் பகிரப்பட்ட ஒரு செய்தியை மூல அறிக்கையோடு ஒப்பிடும் பயிற்சியை மாணவர்க்கு வழங்கலாம்.

முடிவுரை

புதிய மாதிரிகள் கிடைக்கும்போது காலக்கணிப்பு முன்னோ பின்னோ நகர்தல் தொல்லியலில் இயல்பு. ஒற்றை எண்ணை மட்டும் அறிந்தவர்க்கு அம்மாற்றம் மறைப்பாகவோ இழப்பாகவோ தோன்றும். சான்றின் வழியை அறிந்தவர்க்கு அது ஆய்வின் வளர்ச்சியாகப் புலப்படும். எனவே எண்ணிம ஊடகத்தின் பயனை, ஒரு செய்தியைப் பகிர்ந்தோர் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. 'இஃது எவ்வாறு அறியப்பட்டது?' என்னும் வினாவை மக்களிடம் எழுப்பி, அதற்குரிய விடையையும் அவர்கள் முன் வைக்கும்போதே அவர்கள் தொல்லியலில் பங்கேற்போர் ஆகின்றனர்.