கரையேறிய துறவி நண்டுகள்

அமெரிக்காவில் வாழும் என் தமக்கை மகன் எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். மஞ்சளும் நீலமுமாகச் சாயம் பூசப்பெற்ற நத்தை ஓடு ஒன்று. அதன் வாயிலிருந்து செந்நிறக் கால்கள் சில வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "கடற்கரைக் கடை ஒன்றில் வாங்கினேன், மாமா. இது ஸ்ட்ராபெரி நண்டாம். பசிபிக் தீவிலிருந்து வந்ததாம். உண்மைதானா?" என்று கேட்டிருந்தான். உண்மையன்று என்பது படத்தைக் கண்டதுமே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மற்ற நண்டுகளுக்கு உடல் முழுவதும் கவசம் உண்டு. துறவி நண்டுக்கோ வயிற்றுப்பகுதி மெத்தென்று சுருண்டு கிடக்கிறது. ஆகவே இறந்துபோன நத்தையின் ஓட்டைத் தேடி, அதனுள் புகுந்து, அதையே வீடாகச் சுமந்து திரிகிறது. துறவி நண்டுகளிற் பெரும்பாலானவை கடலில் வாழ்வன. கரையேறி நிலத்திலேயே வாழப் பழகிக்கொண்ட பேரினத்திற்குச் சீனோபிட்டா என்று பெயர். லத்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் 1829-இல் சூட்டிய பெயர் அது. மடத்திலே கூடி வாழும் துறவி என்பது அதன் பொருள். ஒற்றை நண்டை வாங்கிப் பெட்டியில் அடைத்து வைப்பவர்கள் இந்தப் பெயரையாவது கவனித்திருக்கலாம்!

இப்பேரினத்தில் ஏறக்குறைய 17 இனங்கள் உண்டு. அவற்றை இனம் காண விரும்புவோர் முதலில் மறக்க வேண்டியது நிறத்தை. ரூகோசஸ் என்னும் இந்து-பசிபிக் இனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கடற்கரையில் ஒன்று சாம்பல் நிறமாகவும், மற்றொன்று பழுப்பாகவும், வேறொன்று இளஞ்சிவப்பாகவும் இருக்கும். ஆனால் அதன் பெரிய இடக் கொடுக்கின் வெளிப்புறத்தில், தையற்காரன் ஊசியால் போட்ட தையல்களைப் போன்று, சாய்வான வரிமேடுகள் வரிசையாக நிற்கும். நிறம் மாறினும் அந்தத் தையல் மாறுவதில்லை. பிரெவிமானஸ் என்ற பெரிய இனத்திலோ இடக் கொடுக்கு வழவழப்பாக இருக்கும், தையல் இராது.

அடுத்துக் கண்களைப் பார்க்கவேண்டும். கரீபியன் தீவுகளுக்குரிய கிளிப்பியாட்டஸ் என்னும் இனத்தின் கண்காம்பு உருண்டையானது. கண் ஒரு சிறு மணி போலத் தோன்றும். மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரையில் பசிபிக் கரையோரம் வாழும் கம்ப்ரெசஸ் இனத்தின் கண்காம்போ பக்கவாட்டில் நசுங்கி நீண்டிருக்கும். நசுங்கியது என்பதே அப்பெயரின் பொருள். கடைகளில் இதற்கு 'ஈக்வடார் நண்டு' என்று பெயர்.

ஸ்ட்ராபெரி என்று வழங்கும் பெர்லாட்டஸ் இனம் வளர்ந்தபின் செக்கச்செவேலென்று இருக்கும். அச்செம்மையின் மேல் முத்துப் பதித்தாற்போல வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும். குஞ்சுப் பருவத்தில் இந்தச் சிவப்பு இல்லை, வெளிறியே இருக்கும். என் மருமகன் அனுப்பிய படத்தில் வெண்புள்ளி ஒன்றுகூட இல்லை. கண்காம்பு உருண்டை, பெரிய கொடுக்கு ஊதா. சந்தேகமே இல்லை, அது கரீபியன் நண்டு. அமெரிக்கக் கடைகளில் மிக மலிவாகக் கிடைப்பதும் அதுவே. அரிய இனத்தின் பெயரைச் சூட்டி மிகுந்த விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

பையன் விடவில்லை. "அப்படியானால் உண்மையான ஸ்ட்ராபெரி எங்கே கிடைக்கும்?" என்று அடுத்த கடிதத்தில் கேட்டான். இதற்கு விடை கூறுவதுதான் கடினம். கோழியைப்போலவோ, வண்ண மீன்களைப்போலவோ பண்ணையில் பெருக்கி விற்கப்படும் பிராணி அன்று இது. தாய் நண்டு முட்டைகளைச் சுமந்து கடலோரம் சென்று அலையில் விடுகிறது. முட்டையிலிருந்து வெளிப்படும் நுண்ணுயிர்கள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து, பலமுறை உருமாறி, கடுகளவு ஓடு ஒன்றைத் தேடிக்கொண்டு கரையேறுகின்றன. கரையேறியபின் நீரில் நெடுநேரம் மூழ்கினால் மூச்சுத் திணறிச் சாகும். கடலில் பிறந்து கடலிலேயே மூழ்கிச் சாகக்கூடிய விந்தைப் பிராணி! இந்த வாழ்க்கை வட்டத்தை வீட்டில் நடத்திக் காட்டி வெற்றி பெற்ற ஆர்வலர் மிகச் சிலரே. ஆகவே கடையில் விற்கும் நண்டு ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு கடற்கரையிலிருந்து பிடிக்கப்பட்டதுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்ல அந்த உயிர், வறண்ட பெட்டியில் செவுள் உலர்ந்து சில மாதங்களில் மடிந்துவிடுகிறது.

சில நாடுகள் விழித்துக்கொண்டன. ஜப்பான் 1970-இல் நிலத்துத் துறவி நண்டுகளை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. அனுமதி பெற்றவர்களே பிடிக்கலாம். இவற்றின் நெருங்கிய உறவாகிய தென்னை நண்டு நம் நிக்கோபார்த் தீவுகளில் உண்டு. கால்களை விரித்தால் ஒரு மீட்டர் அகலம் காணும். எடை நான்கு கிலோகிராம் வரை இருக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. அதை வளர்ப்புப் பிராணியாகக் கேட்பவர்களும் உலகில் இருக்கிறார்கள்.

ஓடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நண்டு வளர வளரப் பெரிய ஓடு வேண்டும். நல்ல ஓடு ஒன்று கரையில் கிடந்தால், கிளிப்பியாட்டஸ் நண்டுகள் பெரியது முதல் சிறியது வரை வரிசையாக நின்று, முதல் நண்டு புது வீட்டிற்குக் குடிபெயர்ந்ததும், ஒன்றன்பின் ஒன்றாக முன்னதன் வீட்டில் நுழைகின்றன. பெலீஸ் நாட்டில் இதை ஆராய்ந்தவர்கள் 2010-இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். நாம் நினைவுப் பொருளென்று பொறுக்கி வரும் ஒவ்வோர் ஓடும் அந்த வரிசையிலிருந்து பறித்ததுதான். பதிலுக்கு நாம் தருவதோ பிளாஸ்டிக். கோக்கோஸ் தீவுகளிலும் ஹெண்டர்சன் தீவிலும் ஒதுங்கிய போத்தல்களில் அகப்பட்டு மடிந்த துறவி நண்டுகள் ஏறத்தாழ 5,70,000 இருக்கும் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவை அந்த ஸ்ட்ராபெரி இனத்தவையே.

இவற்றையெல்லாம் மருமகனுக்கு எழுதினேன். புதிதாக வாங்காதே, வளர்க்க முடியாமல் பிறர் கைவிடும் நண்டுகள் உன் ஊரிலேயே இருக்கும், அவற்றில் ஒன்றைத் துணைக்குக் கேட்டு வாங்கு என்றேன். ஆழமான ஈரமணல், நூற்றுக்கு 80 அளவு ஈரப்பதமுள்ள காற்று, நன்னீர் ஒரு கிண்ணம், உவர்நீர் ஒரு கிண்ணம், சாயம் பூசாத ஓடுகள் சில. இவ்வளவையும் அவன் செய்தான். மூன்றாம் நாள் இரவே நண்டு சாய ஓட்டை விட்டுப் பழுப்பு நிற ஓட்டிற்குக் குடிபோய்விட்டதாம்.

பின்னர் அது தோலுரிக்க மணலுக்குள் இறங்கிற்று. நாற்பது நாள் ஆகியும் வெளிவரவில்லை. தோண்டிப் பார்க்கட்டுமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தான். உரித்த தோலைத் தானே தின்று, புதுக் கவசம் இறுகும்வரை அது அங்கேதான் இருக்கும். தோண்டாதே என்று எழுதியிருக்கிறேன்.