கொல்லிமலைக்கு ஒரு விடுப்புச் சீட்டு

நாமக்கல்லிலே, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் வாயிலில், தேநீர்க் குவளையோடு நின்றிருந்தார் அந்தத் தோழர். வயது ஐம்பதைத் தாண்டியவர். அவர் கைபட்ட வண்டிகள் காசுமீரம் வரை ஓடுகின்றன, கல்கத்தா வரை ஓடுகின்றன. கிழக்கே நீலத்திரைபோல் நிற்கிறது கொல்லிமலை. "மலைக்குப் போயிருக்கிறீர்களா அண்ணே?" என்று கேட்டேன். சிரித்தார்.

"பொறந்ததுல இருந்து பாத்துக்கிட்டுத்தானுங்க தம்பி இருக்கேன். ஏறுனதில்லீங்க. லீவு போட்டா காசு போயிருமில்லீங்களா? வருசக் கடைசியில லீவைக் குடுத்துட்டுப் பணமா வாங்கிக்கிறதுங்க."

அவர் சிரித்தபடிதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தோழர்களே! கடன்காரன் வாசலில் நிற்கிறான், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும், அதனால் விற்றார். அவரை நான் குறைசொல்லேன். ஆனால் விற்றது எதை? முதலாளி மனமிரங்கிப் போட்ட பிச்சையையா? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் உழைத்தவனுக்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் கூலியோடு ஓய்வு என்று எழுதிவைத்தது. 280 நாள் இரும்போடு மல்லுக்கட்டியவனுக்கு 14 நாள்! அந்தப் பதினான்கையும் பெட்டிக்கடைப் பாக்கிபோல் பைசல் செய்துவிடுகிறோம்.

1936இல் பிரான்சு நாட்டுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆண்டுக்கு இரண்டு வாரம் கூலியோடு விடுமுறை என்று சட்டம் வந்தது. சலுகை விலையில் ரயில் சீட்டும் வந்தது. தம் நாட்டுக் கடலைத் தாமே அந்தக் கோடையில்தான் முதன்முதலாகக் கண்டவர்கள் ஏராளம். பாட்டாளிக்குக் கடற்கரை எதற்கு என்று பங்களாக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டுமே! கடல் சுளிக்கவில்லை.

நம் கொல்லிமலையின் கதையும் அதுதான். இன்று விடுதி கட்டியவரும் கார் வைத்திருப்பவரும் அதைத் தம் மலை என்று எண்ணுகிறார்கள். ஆனால் புறநானூற்றைக் கேளுங்கள். அந்த மலைக்குரிய வல்வில் ஓரியை நாடிப் போனவர் யார்? செல்வரா, சீமானா? யாழும் முழவும் சுமந்த பாணர் கூட்டம், வன்பரணரைப் போன்ற புலவர்! ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய வேடன் யார் என்று தெரியாமலே நின்றவர்களுக்கு, அவர்கள் கேட்குமுன்னே வாரிக் கொடுத்தானாம் ஓரி. பின்னால் சேரனுக்காகக் காரி அவனைக் கொன்றான். அரசியல், அன்றும் அரசியல்தான்.

இவ்வளவையும் அந்தத் தோழரிடம் அங்கேயே சொன்னேன். "சரிங்க தம்பி, போறதுன்னா எப்படிங்க போறது?" என்றார். பேச்சாளனுக்கு இதைவிட நல்ல கைதட்டல் வேறு இல்லை. சொன்னேன்.

ஆடியில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் நெரியும். குடும்பத்தோடு போக மார்கழி நடுப்பகுதியே நலம். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. அது தவறினால் பொங்கலை ஒட்டிய நாட்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அரசுப் பேருந்து இருக்கிறது; முன் இருக்கையைப் பிடியுங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், பையில் எலுமிச்சம்பழம் இருக்கட்டும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவையுங்கள். மலை ஆயிரம் மீட்டருக்கு மேல்; மார்கழிப் பனியில் இரவு எலும்பைத் தொடும். கம்பளி இல்லாமல் போகாதீர்கள். செம்மேட்டில் அறையை முன்கூட்டியே பேசிவிடுங்கள், விடுமுறை நாளில் போய் நின்று கேட்டால் வாடகை எகிறும்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். இறங்கும்போது எல்லோரும் வீரர்கள், ஏறும்போது தெரியும்! நெஞ்சுவலிக்காரர், மூட்டுவலிக்காரர் மாசிலா அருவிக்குப் போகலாம், அங்கே இவ்வளவு படி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தண்ணீர் இருக்கும், பாசியும் இருக்கும். வெள்ளம் என்று வனத்துறை தடுத்தால் அவர்களோடு வாதாடாதீர்கள். அறப்பளீசுவரர் கோயிலும் அருகிலேதான். கும்பிடுவோர் போகட்டும், அதுவரை நான் படிக்கட்டில் இளைப்பாறுவேன்.

இன்னொன்று. அந்த மலையின் மக்களை மலையாளிகள் என்பார்கள். மலையை ஆள்கிறவர் என்று பொருள். கேரளத்துக்காரர் அல்லர், தமிழ் பேசும் பழங்குடியினர். தினை, சாமை, மிளகு, பலா, காப்பி என்று அந்த மண்ணை விளையவைத்தவர்கள். அவர்களும் நம்மைப்போல் நாள் முழுதும் குனிந்து நிமிர்கிறவர்கள்தாம். சோளக்காட்டுச் சந்தையில் வாழைத்தார் விற்கும் அம்மாவிடம், நம் கூலியை முதலாளி பேரம் பேசுவதுபோல் நாம் பேரம் பேசலாமா? பேரங்காடியில் ஒட்டிய விலைக்கு வாய்திறவாமல் கொடுக்கிறோமே! மதுப்புட்டியை ஓடையில் உடைத்துவிட்டு வருகிறவன் எந்தக் கொடி பிடித்தாலும் அவன் நம் தோழன் அல்லன். அந்தக் கண்ணாடியில் கிழிபடுவது வெறுங்காலோடு நடக்கும் மலைப் பிள்ளையின் பாதம்.

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார் தோழர். பட்டறைக்குள் சங்கு ஊதியது. இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார்.

"நாங்க நாலு பேருங்க. ரெண்டு கம்பளி போதுங்களா தம்பி?"