விடுமுறையில் கோளரங்கம் காண்போம்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் "எங்கே செல்லலாம்?" என்னும் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுகின்றது. கடற்கரைக்குச் செல்வோர் சிலர். உறவினர் இல்லங்களுக்குச் செல்வோர் பலர். இவற்றோடு, குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே கண்டு பயன்பெறத்தக்க மற்றோர் இடமும் உண்டு. அதுவே கோலாலம்பூரில் அமைந்துள்ள, பிளானட்டேரியம் நெகாரா எனப்படும் தேசியக் கோளரங்கம். அங்கே அறியத்தக்கவை யாவை, அவற்றை அறிந்துவருவதற்கு நாம் எவ்வாறு செல்லவேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்குவோம்.

முதலில் எங்கள் பிழை ஒன்றைக் கூறிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பள்ளியைச் சார்ந்த ஆறு குடும்பத்தார் ஒன்றுகூடி, வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு அக்கோளரங்கத்திற்குச் சென்றுவந்தோம். பள்ளி திறந்ததும், "என்ன கண்டீர்கள்?" என்று வகுப்பில் வினவினோம். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "நல்லா குளுகுளுன்னு இருந்திச்சு சார்!" என்றான். வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பிள்ளையின் தந்தையார் ஒரு நாள் கூலியை இழந்து, வேன் வாடகையில் தம் பங்கையும் கொடுத்து மகனை அழைத்து வந்தவர். அப்பணத்திற்கு ஈடாக அவர் மகன் கொண்டுவந்தது குளிர்சாதனத்தின் நினைவு மட்டுமே. குற்றம் பிள்ளையுடையது அன்று. முன்னறிவு எதுவும் கொடாமல் அழைத்துச் சென்ற எங்களுடையது.

அடுத்த முறை பயணத்தை ஒரு வாரம் முன்னதாகவே பள்ளித் திடலில் தொடங்கினோம்.

கோளரங்கம் என்பது யாது?

வானத்தைக் கூரையின் கீழ்க் கொண்டுவந்து காட்டும் அரங்கமே கோளரங்கம். கவிழ்த்த கிண்ணம் போன்ற குவிமாடத்தின் உட்புறமே அதன் திரை. அரங்கிலிருந்து வீசும் ஒளி, அம்மாடத்தில் விண்மீன்களையும் கோள்களையும் தோற்றுவிக்கின்றது. இன்றுள்ள முறையில் அமைந்த முதற் கோளரங்கக் கருவியை, செருமனி நாட்டுச் சைஸ் நிறுவனத்தார் 1923ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் இயக்கிக் காட்டினர். பகலிலும் மழையிலும்கூட இரவு வானத்தைக் காண்பது அன்று மக்களுக்குப் பெருவியப்பாயிற்று.

இதன் அடிப்படையை வீட்டிலேயே செய்து காணலாம். வெறுமையான மைலோ டின் ஒன்றை எடுத்து, அதன் அடித்தகட்டில் மெல்லிய ஆணியால் சில துளைகள் இடுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கை நிமிர்த்தி வைத்து அதன்மேல் டின்னைக் கவிழுங்கள். வீட்டுக் கூரையில் ஒளிப்புள்ளிகள் தோன்றும். டின்னை மெல்லத் திருப்பினால் அப்புள்ளிகள் யாவும் ஒருசேர நகரும். ஆணி அடிக்கும் வேலையைப் பெரியவர்களே செய்தல் வேண்டும்.

நம் நாட்டுக் கோளரங்கம் 1994ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முறைப்படி திறக்கப்பெற்றது. ஏரிப் பூங்காவை அடுத்த குன்றின்மேல் நீலநிறக் குவிமாடத்துடன் அது விளங்குகின்றது. குவிமாட அரங்கும், கண்காட்சிக் கூடமும், பதினான்கு அங்குலத் தொலைநோக்கியும் அங்கு அமைந்தவை.

தேங்காயும் எலுமிச்சையும்

விண்வெளியைப் பற்றிய பாடத்தில் பிள்ளைகளை மருட்டுவன எண்களே. ஆகவே பள்ளித் திடலில் எண்களைப் பொருள்களாக்கிக் காட்டினோம். இருபது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள, மட்டை உரிக்காத தேங்காய் ஒன்றைப் பூமியாகக் கொண்டோம். அந்த அளவில் நிலவு ஒரு சிறிய எலுமிச்சம் பழமே. "எலுமிச்சையை எங்கே வைக்கலாம்?" என்று கேட்டபோது, தேங்காயிலிருந்து ஒரு சாண், இரு சாண் என்று பிள்ளைகள் காட்டினர். உண்மையில் அதனை ஆறு மீட்டர் தொலைவில் வைத்தல் வேண்டும். பூமிக்கும் நிலவுக்கும் இடையே உள்ள சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். அது பூமியின் குறுக்களவைப்போல் முப்பது மடங்காகும்.

கதிரவனோ, இந்த அளவின்படி ஏழு மாடிக் கட்டடத்தின் உயரமுள்ள பெரும் பந்தாகும். அதனை இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால் வைத்தல் வேண்டும். பள்ளித் திடலிலிருந்து அத்தொலைவை நடந்து காண்பீர்களானால், கதிரவனின் ஒளி நம்மை அடைய எட்டு நிமிடத்திற்கு மேல் ஆவது ஏன் என்பது விளங்கும்.

மனிதர் தங்கிப் பணியாற்றும் அனைத்துலக விண்வெளி நிலையத்திற்கு இம்மாதிரியில் இடம் எது? அது பூமிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றது. தேங்காய்க்கு மேல் ஆறு மில்லிமீட்டர், அதாவது ஒரு விரல் கனம்கூட இல்லை! இதனைக் கண்டதும் பிள்ளைகள் சற்று ஏமாற்றமே அடைந்தனர். அந்த ஏமாற்றம் ஒரு நல்ல கேள்விக்கு வழி திறந்தது.

விண்வெளியில் மிதப்பது ஏன்?

"பூமிக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தால் அவர்கள் ஏன் மிதக்கிறார்கள்?" என்பதே அக்கேள்வி. அங்கே ஈர்ப்பு விசை இல்லை என்று பெரியவர்களுள் பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. அவ்வுயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கின்றது.

கல் ஒன்றை நேர்கிடையாக எறிந்து பாருங்கள். அது சற்றுத் தொலைவு சென்று தரையில் விழும். வலிந்து எறிந்தால் இன்னும் தள்ளி விழும். மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் விரைவில் எறிய முடிந்தால், கல் விழுந்துகொண்டே இருக்கும். உருண்டை வடிவான பூமியின் தரையும் அதற்கேற்பக் கீழே வளைந்துகொண்டே செல்லும். ஆகவே கல் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றிவரும். விண்வெளி நிலையமும் அவ்வாறு விழுந்துகொண்டே இருக்கின்றது. அதனுள் இருப்பவரும் அதனோடு சேர்ந்து விழுவதால் மிதப்பவராகத் தோன்றுகின்றனர். ஏறத்தாழ தொண்ணூறு நிமிடத்தில் அது பூமியை ஒருமுறை சுற்றிவிடும்.

அந்நிலையத்திற்கு நம் நாட்டவர் ஒருவரும் சென்று வந்துள்ளார். மருத்துவர் ஷேக் முஸாபார் சுக்கோர் 2007ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், கசகஸ்தான் நாட்டுப் பைக்கனூரிலிருந்து சோயுஸ் விண்கலத்தில் புறப்பட்டு, அதே மாதம் 21ஆம் நாள் பூமிக்குத் திரும்பினார். அவ்வாய்ப்புக்கு விண்ணப்பித்தோர் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களிலிருந்து இறுதியாகத் தேர்ந்த நால்வருள் எஸ். வனஜா என்னும் மலேசிய இந்தியப் பெண்மணியும் ஒருவர். பெண் பிள்ளைகளைப் பெற்றோர் இச்செய்தியை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

கூரைமேல் உள்ள தட்டு

கோளரங்கக் கண்காட்சிக் கூடத்தில் ஏரியான் 4 வகை ஏவுகலத்தின் பொறி ஒன்றைக் கண்டோம். அவ்வகை ஏவுகலமே 1996ஆம் ஆண்டு ஜனவரியில் நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளான மீசாட் 1ஐ விண்ணில் செலுத்தியது. அதன் முன் நின்றிருந்தபோது, செம்பனைக் குலை வெட்டும் பணி செய்யும் பெற்றோர் ஒருவர் தயக்கத்தோடு எங்களை அணுகி, "ஐயா, நம்ம லயத்துல எல்லா வீட்டு ஆஸ்ட்ரோ தட்டும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு இருக்கே, அது ஏன்?" என்று கேட்டார். அன்று கேட்கப்பட்ட கேள்விகளுள் அதுவே தலைசிறந்தது.

விடை இதுதான். ஒலிபரப்புக்குரிய செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டிற்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. நம் தேங்காய் மாதிரியில் இது இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. அவ்வுயரத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகின்றது. பூமியும் ஒரு நாளில் ஒருமுறை தன்னைத் தானே சுற்றுகின்றது. இரண்டும் ஒரே திசையில் ஒத்துச் சுழல்வதால், செயற்கைக்கோள் வானில் ஓரிடத்தில் நிற்பது போலாகின்றது. நமக்கு அது மேற்கே, தலைக்கு மேல் சற்றே சரிந்த இடத்தில் உள்ளது. எனவே தட்டுகள் யாவும் அவ்விடத்தையே நோக்குகின்றன. பெருமழையின்போது படம் மறைவதற்குக் காரணம், மழைத்துளிகள் அந்த அலைகளை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுவதே.

அச்செயற்கைக்கோளைச் செலுத்திய இடம் தென்னமெரிக்காவில் உள்ள கூரூ. அதுவும் நம் ஊரைப் போன்றே நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் உள்ளது. இராட்டினத்தின் நடுவில் இருப்பவரைவிட விளிம்பில் இருப்பவர் விரைந்து சுழல்வது போல, பூமியின் தரை நிலநடுக்கோட்டில்தான் மிகுந்த விரைவோடு, மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வீதம், கிழக்கு நோக்கி ஓடுகின்றது. அங்கிருந்து கிழக்கே புறப்படும் ஏவுகலத்திற்கு அவ்விரைவு செலவின்றிக் கிடைக்கும் உதவியாகும்.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

பெக்கான் நானாசிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தொலைவு. சிங்கப்பூரின் அறிவியல் நிலையம் இதனினும் அண்மையில் உள்ளது. ஆயினும் கடப்பிதழும் நாணய மாற்றும் குடும்பச் செலவை உயர்த்தும். எங்குச் செல்வதாயினும் திறந்திருக்கும் நாளையும், காட்சி நேரத்தையும், கட்டணத்தையும் முன்னரே தொலைபேசியில் கேட்டறியுங்கள். நீர்ப்புட்டியும் கட்டுச்சோறும் கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியை ஏட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். அதற்குரிய விடையைத் தேடிக் கண்டு எழுதட்டும். எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்ப்பதினும், ஒன்றனை நின்று பார்ப்பதே மேலானது.

திரும்பி வந்த பின்

கோளரங்கத்தில் கண்டதை நம் வானத்தில் மீண்டும் காணல் வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. நகரத்தாரைவிட நமக்கு இருள் மிகுதி. அதுவும் ஒரு செல்வமே.

மார்ச்சு மாத இறுதியில் இரவு எட்டரை மணிக்கு மேற்கு வானை நோக்குங்கள். ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களும், அவற்றிற்கு அண்மையில் செந்நிறமாக ஒளிரும் திருவாதிரையும் தெரியும். அவற்றிற்குக் கீழே, சிறு கொத்தாகக் கார்த்திகை மீன்கள் தோன்றும். மே மாத இறுதியில் இரவு ஒன்பது மணிக்கு, தெற்கே தென்சிலுவையும் வடக்கே ஏழு முனிவர் கூட்டமும் ஒருங்கே விளங்கும். இவ்விரண்டையும் இவ்வாறு நன்கு உயரத்தில் ஒரே வேளையில் காணும் வாய்ப்பு, நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்வோர்க்கே உரியது.

நம் ஊர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஒன்றரைப் பாகையில் உள்ளது. ஆகவே துருவ விண்மீனும் தொடுவானுக்கு மேல் ஒன்றரைப் பாகை உயரத்திலேயே நின்று, செம்பனைகளுக்குப் பின்னே மறைந்துவிடுகின்றது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர், அங்கே அதனை ஏறத்தாழ பதினொரு பாகை உயரத்தில் கண்டிருப்பர். நீட்டிய கையின் முட்டி ஒன்று வானில் ஏறத்தாழப் பத்துப் பாகை மறைக்கும். அந்த அளவு உயரம். அவர்கள் தெற்கே வர வர அது தாழ்ந்தது; தென்சிலுவை உயர்ந்தது.

பகலிலும் ஒரு காட்சி உண்டு. மார்ச்சு 24ஆம் நாளையொட்டி, பிற்பகல் ஒன்றே கால் மணியளவில் கதிரவன் நம் ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும். திடலில் நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். நண்பகல் பன்னிரண்டுக்கு வாராமல் ஒன்றே காலுக்கு வருவது ஏன் என்று பிள்ளைகள் கேட்பர். 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு, சபா சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டதை மூத்தோர் நினைவுகூரலாம். விடையின் ஒரு பகுதி அவர்களிடமே உள்ளது.

இவையெல்லாம் நமக்கு எட்டாதவை என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவில் இறங்கிய சந்திரயான் 3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து இரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக 2018ஆம் ஆண்டு முதல் 2022ஆம் ஆண்டு வரை விளங்கிய சிவன், கன்னியாகுமரி மாவட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்து தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவர்.

இரண்டாம் பயணத்திற்குப் பின், குளிரைப் பற்றிக் கூறிய அதே மாணவனிடம் மீண்டும் வினவினோம். இம்முறை அவன் விடை கூறவில்லை. "சார், நிலையம் விழுந்துகிட்டே இருக்குன்னா, அது எப்ப நிக்கும்?" என்று எங்களையே கேட்டான். அவ்வுயரத்திலும் மிக மெல்லிய காற்று உண்டு என்றும், அது நிலையத்தைச் சிறிது சிறிதாகத் தடுத்துக் கீழே இறக்கும் என்றும், ஆதலால் அவ்வப்போது பொறிகளை இயக்கி அதனை மீண்டும் மேலே உயர்த்துகின்றனர் என்றும் விளக்கினோம். அவன் அதனைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டான். அவன் தந்தையார் இழந்த கூலிக்கு அன்று கணக்குச் சரியாயிற்று.