தோற்கையுறையும் கையளவும்

'கையுறை' என்னும் சொல்லைத் தமிழாசிரியர் பலரும் முதலில் அகப்பொருள் நூல்களிலேயே கண்டிருப்பர். அங்கே அது, தலைவன் தோழியிடம் நீட்டும் தழையும் பூவும் போன்ற பரிசைக் குறிக்கும். அதனைத் தோழி ஏற்க மறுப்பது 'கையுறை மறுத்தல்' என்னும் துறையாகும். இன்று அச்சொல் கையை மூடும் உறைக்குப் பெயராக நிலைத்துவிட்டது. இவ்வுறையைப் பழைய அகராதிகள் 'கைப்புட்டில்' என்றும் கூறும். வில்லாளர் கையிற் கட்டிய தோற்கட்டுக்குக் 'கோதை' என்று பெயர் உண்டு. ஆகவே, தோலினாற் கையைக் காத்தல் தமிழர்க்குப் புதிதன்று. குளிர்நாட்டுக் கையுறையின் அளவு முறைதான் புதிது.

பேராக்கில் வாழும் நமக்குக் கையுறை என்றதும் நினைவுக்கு வருவது இரப்பர்க் கையுறையே. தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் அதனைச் செய்யும் ஆலைகள் உள்ளன. கைவடிவான பீங்கான் அச்சினை இரப்பர்க் குழம்பில் தோய்த்தெடுத்து அதனை உருவாக்குவர். அஃது இழுத்த இழுப்புக்கு நீளுமாதலின், அளவு சற்றுப் பிழைத்தாலும் தாழ்வில்லை. தோல் அத்தகையதன்று. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று மேற்படிப்பிற்காகப் பிரித்தானியா, அயர்லாந்து, உருசியா முதலிய நாடுகளுக்குச் செல்கின்றனர். பெற்றோர் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்திற் குளிருடை வாங்கித் தருகின்றனர். விமானம் ஏறும் மகனுக்குத் தந்தை தரும் தோற்கையுறை, அச்சொல்லின் இருபொருளிலும் கையுறையே. அது பொருந்தாமற் போனால் பணமும் வீண், விரலும் மரத்துப்போம்.

பொருத்தம் ஏன் வேண்டும்? குளிரில் நம் உடல், உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்கும்பொருட்டு விரல்களுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துக்கொள்கிறது. கையுறை இறுகினால் அக்குருதியோட்டம் மேலும் தடைப்படும். மிகத் தளர்ந்தாலோ, கையை அசைக்குந்தோறும் உள்ளிருக்கும் வெதுவெதுப்பான காற்று வெளியேறிக் குளிர்காற்று உட்புகும். வெப்பத்தைப் பெரிதும் காப்பது தோலன்று. உள்துணியின் இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்றே. தோல் அக்காற்றினை வெளிக்காற்று கலைத்துவிடாமற் காக்கும் மதில் எனலாம்.

இனி, அளவினைக் காண்போம். பிரான்சு நாட்டுக் கிரெனோபில் நகரத்தவரான சேவியர் சூவன் என்பார் 1834இல் கையுறைகளுக்கு ஓர் அளவுமுறையை வகுத்தார். கட்டைவிரலை நீக்கி, மற்ற நான்கு விரல்களின் அடிமுட்டிகளைச் சுற்றி நாடாவால் அளப்பதே அதற்கு அடிப்படை. அச்சுற்றளவைப் பழைய பிரெஞ்சு அங்குலத்திற் கூறினால் அதுவே கையுறையின் எண். பிரெஞ்சு அங்குலம் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர். ஆங்கில அங்குலம் 25.4 மில்லிமீட்டர். எனவே, 21.6 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்குப் பிரெஞ்சு முறையில் எண் 8. ஆங்கில முறையில் எண் 8½. எண்ணை மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாறுவது இதனாலேயே. சென்டிமீட்டர் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுதலே முறை. இரு கைகளையும் அளந்து பெரியதனைக் கொள்க. வெயிலிற் கை சற்றே வீங்குமாதலின், ஈப்போவின் நண்பகலில் அளவாது காலைக் குளிர்ச்சியில் அளத்தல் நன்று.

சுற்றளவு மட்டும் போதாது, விரல்நீளமும் காணவேண்டும். தேர்ந்த தொழிலாளர் தோலை ஈரமாக்கி நீளவாட்டில் நன்கு இழுத்து, அதன் நெகிழ்வை முன்னரே போக்கிய பின்னரே வெட்டுவர். ஆகவே, அணிய அணியக் கையுறை அகலத்தில் சிறிது இடங்கொடுக்கும், நீளத்தில் கொடாது. புதிய கையுறை முட்டிகளிற் சற்றே இறுக்கமாயிருப்பின் அஞ்சவேண்டுவதில்லை. விரல்நுனி முட்டினாலோ, விரலிடுக்கில் வெற்றிடம் நின்றாலோ அதனை விலக்குக. அணிந்தபின் கையை மூடித் திறந்து பார்க்க. ஒரு நாணயத்தை எடுத்துப் பார்க்க. மணிக்கட்டு மேற்சட்டையின் கைக்குள் மறைகிறதா என்றும் நோக்குக. உள்துணியின் தடிப்பு ஒவ்வொன்றிலும் வேறுபடுமாதலின், துணியிட்ட கையுறையை அணிந்து பார்த்தே வாங்குக.

தோலின் வகையும் கருதத்தக்கது. கம்பளி ஆட்டின் தோலில் மயிர்க்காலும் கொழுப்பும் மிகுதியாதலின் நார்கள் நெருக்கமாக அமைவதில்லை. வெப்பநாடுகளில் வளரும், கம்பளியில்லா மயிராட்டின் தோலோ மெல்லியதாயினும் உறுதியானது. தமிழகத்து மேச்சேரி ஆடு இவ்வினத்தைச் சேர்ந்தது; தோலின் தரத்திற்கும் பெயர்பெற்றது. மயிராட்டுத் தோலின் இயல்பை ஈப்போவிலேயே தொட்டறிய விரும்புவோர், குழிப்பந்தாட்டக் கடைகளில் 'கப்ரெட்டா' என்னும் பெயரால் விற்கப்படும் கையுறையைப் பார்க்கலாம்.

பேணும் முறையும் அறிதற்குரியது. கழற்றும்போது மணிக்கட்டைப் பற்றி இழுக்காமல், ஒவ்வொரு விரலாக மெல்ல இழுத்துத் தளர்த்துக. நனைந்தால் நெருப்பருகே உலர்த்தற்க; தோல் சுருங்கி விறைத்துவிடும். விடுமுறைக்கு ஊர் திரும்புவோர் நெகிழிப்பையில் மூடிவைத்தால், நம் நாட்டு ஈரக்காற்றிற் பூஞ்சணம் பிடிக்கும். துணிப்பையிலிட்டு அவ்வப்போது நிழலிற் காற்றாட விடுக.

அளவைப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் மாணவரின் கையையே அளக்கச் செய்து, இரு அங்குலங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடச் சொல்லலாம். தையற்கடை நாடா ஒன்றே இதற்குப் போதும். பின்னாளில் அம்மாணவருள் ஒருவன் அயல்நாட்டுக் கடையொன்றில் நிற்கும்போது, விலையைப் பார்க்குமுன் தன் கையின் அளவைச் சொல்வானாயின், அப்பாடம் பயன்பட்டதென்று கொள்ளலாம்.