சுண்ணாம்புப் பாறையும் தொண்ணூறு நாளும்

குஜிலியம்பாறை வட்டாரத்தில் தண்ணீருக்காகத் தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான் முதலில் கிடைக்கும் போலிருக்கிறது. பக்கத்துக் கரிக்காலியில் செட்டிநாடு சிமென்ட் ஆலை வந்து உட்கார்ந்ததற்கும் அந்தக் கல்தான் காரணம். கல்லோடு களிமண்ணைச் சேர்த்து அரைத்து, சுழலும் சூளையில் 1,450 டிகிரி செல்சியஸ் வரை வேக வைத்தால் கிளிங்கர் உருண்டைகள் வெளியே வரும். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அவற்றைப் பொடித்தால் சிமென்ட். இது ஊரில் பலருக்கும் தெரிந்த சங்கதி.

அதிகம் பேசப்படாதது வேறு. தூய சுண்ணாம்புக்கல்லின் எடையில் 44 சதவீதம் கரியமில வாயு. சூளையில் வேகும்போது அது பிரிந்து வானத்துக்குப் போய்விடுகிறது. நிலக்கரியை நிறுத்திவிட்டுச் சூரிய சக்தியில் சூளையை ஓட்டினாலும் இந்தப் பங்கு குறையாது, ஏனென்றால் அது எரிபொருளில் இல்லை, கல்லிலேயே இருக்கிறது. ஆகவே சிமென்டில் கிளிங்கரின் அளவையே குறைத்தாக வேண்டும். இது ஆலை முதலாளியால் மட்டும் தீர்க்கக்கூடிய விஷயம் அல்ல. பொருளறிவியல் படித்தவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது.

யோசித்தார்கள். லொசானில் கேரன் ஸ்க்ரிவனர், கியூபாவில் ஃபெர்னாண்டோ மார்டிரேனா, இந்தியாவில் சென்னை, டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.க்காரர்கள். கிளிங்கர் பாதி, சுட்ட களிமண் 30 சதவீதம், சுண்ணாம்புக்கல் பொடி 15, ஜிப்சம் 5 என்று ஒரு கலவைக்கு வந்து சேர்ந்தார்கள். எல்.சி.3 என்று பெயர். களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி போதும். சேர்க்கிற சுண்ணாம்புப் பொடிக்கு உயர்தரக் கல் தேவையில்லை, சூளைக்கு ஆகாது என்று குவாரியில் ஒதுக்கிக் குவித்த கல்லே ஆகும். கரியமில வாயு 30 முதல் 40 சதவீதம் வரை குறைகிறது. 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கு ஐ.எஸ். 18189 என்று தர எண்ணும் கொடுத்துவிட்டது.

இந்த ஆராய்ச்சிக்குப் பெரிய அளவில் பணம் தந்தது சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி உதவி அமைப்பு. உலகில் சீனாவுக்கு அடுத்து அதிகமாகச் சிமென்ட் உற்பத்தி செய்கிற நாடு இந்தியா. இங்கே குறைத்தால்தான் உலகக் கணக்கில் குறையும் என்று அவர்கள் போட்ட கணக்கு சரிதான்.

இந்தத் தொடரைப் படிக்கும் கல்லூரி ஆசிரியர்களை நினைத்துத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். திண்டுக்கல் சமவெளியில் 'பொருளறிவியலாளர்' என்று பலகை மாட்டியவர் யாரும் இருக்க மாட்டார். ஆனால் இயற்பியல் துறையிலும் வேதியியல் துறையிலும் இருப்பார்கள். பி.எச்டி.க்கு நானோ துகளோ, பீங்கானோ, மின்கலப் பொருளோ செய்தவர்கள். வேலை கிடைத்ததும் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு, விடைத்தாள், நாக் கமிட்டி கோப்பு. மூன்றாம் வருஷத்தில் ஆராய்ச்சி நின்றுவிடும். பணம் இல்லாததால் நின்றது என்று அவர்களே சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கருவி இருக்கும் இடமும், அங்கே போய் உட்காரும் நாட்களும், பேச ஒரு சக ஆய்வாளரும் இல்லாததால் நின்றது. இந்த மூன்றையும் தரும் திட்டங்கள் இருக்கின்றன. தொகை சிறியது என்பதால் யாரும் அவற்றைப் பெரிதாகப் பேசுவதில்லை.

முதலில் டேர். எஸ்.இ.ஆர்.பி. என்ற அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் தொடங்கியது. மாநிலப் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ நிரந்தர வேலையில் இருக்கும் ஆசிரியர் ஒரு ஐ.ஐ.டி.யையோ தேசிய ஆய்வகத்தையோ துணைக்குப் பிடித்துக்கொண்டு, ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள் அங்கே போய் வேலை செய்யலாம். மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 5 லட்சம் ஆய்வுப் பணம். ஆசிரியர் கைக்கு வருவது ஆண்டுக்கு 60,000 ரூபாய்தான். சிரிக்க வேண்டாம். அந்தத் தொண்ணூறு நாள்தான் இதில் உள்ள சொத்து. கோடை விடுமுறையோடு சேர்த்துத் திட்டமிட்டால் முதல்வரிடம் கெஞ்ச வேண்டிய நாட்களும் குறையும்.

அதற்கும் முன்படி, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை. பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமி, டெல்லி இந்திய தேசிய அறிவியல் அகாடமி, அலகாபாத் தேசிய அறிவியல் அகாடமி ஆகிய மூன்றும். மாணவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்தால், அந்த வழிகாட்டியே பின்னால் டேருக்குத் துணை ஆய்வாளராக அமையக்கூடும்.

கருவிக்கு மட்டும் என்றால் ஊரை விட்டு நீண்ட நாள் போக வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சைஃப் என்ற மையத்துக்கு மாதிரியை அனுப்பிக் கட்டணம் கட்டினால் அளந்து தருவார்கள். கல்பாக்கத்தில் யு.ஜி.சி.யும் அணுசக்தித் துறையும் சேர்ந்து நடத்தும் ஆய்வுக் கூட்டமைப்பின் கிளை இருக்கிறது. பல்கலைக்கழக, கல்லூரி ஆட்களுக்காகவே உருவான அமைப்பு அது. அரசு ஆய்வகங்களில் என்ன கருவி எங்கே இருக்கிறது என்பதை ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம். எக்ஸ்.ஆர்.டி. எடுக்கச் சொந்தக் கருவி வேண்டும் என்று திட்ட அறிக்கையில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். வாங்கிய கருவியைப் பராமரிக்க ஐந்தாம் வருஷம் யார் பணம் தருவார்கள்?

பெரிய கதவுகளையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.இ.ஆர்.பி.யின் இடத்துக்கு இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்திருக்கிறது. சட்டம் 2023இல் வந்தது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி என்று அறிவித்தார்கள். அதில் 14,000 கோடிதான் அரசுப் பணம். மீதி 36,000 கோடி தொழிற்சாலைகளிடமிருந்தும் கொடையாளர்களிடமிருந்தும் வர வேண்டும். புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பிரதமர் பெயரில் ஒரு தொடக்க மானியம் உண்டு, மூன்று ஆண்டுகளில் 60 லட்சம் வரை. போட்டி கடுமை. ஐ.ஐ.டி.யில் புதிதாகச் சேர்ந்தவரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். முயற்சி செய்யுங்கள், அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள்.

தனியார் 36,000 கோடி தருவார்களா? தந்த காலம் ஒன்று இருந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். இன்று நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியை அரசுப் பல்கலைக்கழகங்களிலும் தேசிய ஆய்வகங்களிலும் நடக்கும் ஆராய்ச்சிக்குத் தரச் சட்டமே இடம் கொடுக்கிறது. சின்னாளபட்டி பக்கத்துக் காந்திகிராமப் பல்கலைக்கழகம் மத்திய அரசின் பணத்தில் நடப்பது. சுண்ணாம்புக்கல்லைத் தின்று வளரும் ஆலைகளிடம் அங்கிருந்து ஒரு கோரிக்கை போனால் தவறில்லை.

சுரங்கக்காரர்கள் ராயல்டிக்கு மேல் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்டும் பணமும் இருக்கிறது. 2015 சட்டத் திருத்தத்தில் வந்தது. பழைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம், ஏலத்தில் எடுத்தது என்றால் 10. அந்தப் பணம் குடிநீர், மருத்துவம், கல்வி என்று பாதிக்கப்பட்ட கிராமங்களுக்குப் போக வேண்டியது. குடிநீர் முதலில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் பள்ளி ஆய்வகம் கட்டவும் அதில் வழி உண்டு. கிராம சபையில் கேட்கலாம்.

அந்தப் பள்ளியில் படித்து வரும் பிள்ளைகளுக்கு இரண்டு வரி. பிளஸ் டூவில் மாநில அளவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து இயற்பியல், வேதியியல் பட்டப்படிப்பில் சேர்ந்தால் இன்ஸ்பயர் உதவித்தொகை, கோடை ஆய்வுக்கானதையும் சேர்த்து ஆண்டுக்கு 80,000 ரூபாய். பிறகு நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000.

திட்ட அறிக்கை எழுதுவோருக்கு ஒன்று. 'நானோ பொருட்களின் பன்முகப் பயன்பாடுகள்' என்று தலைப்பு வைத்தால் மதிப்பீட்டாளர் இரண்டாம் பக்கம் புரட்ட மாட்டார். எந்தக் குவாரியின் ஒதுக்குக் கல், அதில் சிலிக்கா எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு, எந்தக் களிமண்ணோடு சேர்த்தால் 28ஆம் நாள் வலிமை எவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள். கல் உங்கள் வாசலில் கிடக்கிறது. சென்னையில் இருப்பவர் அதற்கு லாரி பிடிக்க வேண்டும்.

அடுத்த வாரம், திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் குரோமியம்.