பற்றவைப்பின் மறைவிசை

நுழையும்முன்

சன்னல் கம்பி முதல் கப்பல் வரை உலோகத் துண்டுகளை உருக்கி ஒன்றாக்கும் தொழில் பற்றவைப்பு. பட்டறைகளில் 'வெல்டிங்' என்றே வழங்கும் இத்தொழிலில் கண்ணைக் கூசச்செய்யும் ஒளியும் தெறிக்கும் பொறிகளும் யாவர்க்கும் தெரிகின்றன. ஒளி அடங்கி உலோகம் ஆறிய பின் அதனுள் தங்கிவிடும் விசையோ எவர்க்கும் தெரிவதில்லை. அவ்விசையைக் கணக்கின் வழியே முன்னறிய முயலும் அறிவியலை இப்பாடம் விளக்குகிறது.

துறையில் பிளந்த கப்பல்

1943ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த போர்ட்லாந்து நகரத் துறையில், சோதனை ஓட்டத்தை முடித்துத் திரும்பிய 'ஸ்கெனெக்டடி' என்னும் எண்ணெய்க் கப்பல் கட்டப்பட்டிருந்தது. புயல் இல்லை, அலை இல்லை, மோதல் எதுவும் நிகழவில்லை. கடுங்குளிர் மட்டுமே இருந்தது. திடீரெனப் பேரொலி எழுந்தது. கப்பலின் மேல்தளமும் இரு பக்கச் சுவர்களும் நடுவில் பிளந்தன. அடித்தகடு மட்டும் முறியாமல் நின்றதால், கப்பலின் நடுப்பகுதி நீர்மட்டத்துக்கு மேல் எழும்பி நின்றது. புத்தம் புதிய கப்பல், நின்ற இடத்திலேயே இரண்டானது.

அக்கப்பல் முழுவதும் பற்றவைப்பால் கட்டப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் கப்பல் தகடுகளைத் தறையாணிகளே பிணைத்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்களை விரைந்து கட்டவேண்டிய தேவை எழுந்தது. 'லிபர்ட்டி' என்னும் சரக்குக் கப்பல்கள் மட்டும் 2700க்கு மேல் கட்டப்பட்டன. பற்றவைப்பு இல்லையெனில் அவ்வேகம் கைகூடியிராது. ஆயினும் அவற்றுள் பல கப்பல்களில் விரிசல்கள் தோன்றின. சில முற்றிலும் முறிந்தன.

ஒரே காரணத்தால் இது நிகழவில்லை. அக்காலத்து எஃகு குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்பு பெற்றிருந்ததைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் தம் ஆய்வுகளால் நிறுவினார். தளத்தின் திறப்புகளில் அமைந்த கூரிய மூலைகள் விசையை ஓரிடத்தில் குவித்தன. தறையாணிக் கப்பலில் ஒரு தகட்டில் தோன்றிய விரிசல் அத்தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலில் அதனைத் தடுக்க விளிம்பே இல்லை. இவற்றோடு, பற்றவைப்பின்போது உலோகத்துள் சிறைப்பட்ட விசையும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. அதன் பங்கு எவ்வளவு என்பது குறித்து வல்லுநரிடையே நெடிய விவாதம் நடந்தது. விவாதத்தைத் தீர்க்க, அவ்விசை எங்கே, எத்தனை அளவில் இருக்கிறது என்று சொல்லும் கணக்கு வேண்டியிருந்தது.

விசை எங்கிருந்து வருகிறது?

எந்தச் சுமையும் ஏற்றப்படாத நிலையிலும் ஒரு பொருளுக்குள் நிலைத்திருக்கும் தகைவினை எஞ்சிய தகைவு என்பர். அது பிறக்கும் விதத்தை இயற்பியல் பாடத்தில் பயின்ற நீள்விரிவு, யங் குணகம் ஆகிய இரண்டையும் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியின் வெப்பநிலையை 100 டிகிரி செல்சியஸ் உயர்த்தினால் அது ஏறத்தாழ 1.2 மி.மீ. நீளும். இரு முனைகளையும் அசையாத சுவர்களுக்கிடையே இறுக்கிவிட்டு இதே அளவு சூடேற்றினால் என்ன ஆகும்? நீள இடமில்லாத கம்பி அமுக்கப்படும். திரிபின் அளவு 0.0012. எஃகின் யங் குணகம் 2,00,000 மெகாபாஸ்கல். இரண்டையும் பெருக்கினால் தகைவு 240 மெகாபாஸ்கல். சாதாரணக் கட்டுமான எஃகு ஏறத்தாழ 250 மெகாபாஸ்கலில் மீட்சி எல்லையை எட்டிவிடும். அதாவது, வெறும் 100 டிகிரி உயர்வே இறுக்கிப் பிடிக்கப்பட்ட எஃகினை நிலையான உருமாற்றத்தின் வாயிலுக்குக் கொண்டுவந்து விடுகிறது. பற்றவைப்பிலோ வெப்பநிலை 1500 டிகிரியைத் தாண்டுகிறது!

எல்லையைத் தாண்டிய பின் சூடு ஏற ஏறக் கம்பி நிலையாகக் குறுகிப்போகிறது. பின்னர் ஆறும்போது, தன் பழைய நீளத்தைவிடக் குறைந்த நீளத்துக்குச் சுருங்க விழைகிறது, சுவர்கள் விடுவதில்லை. இப்போது கம்பி இழுபடுகிறது. முதலில் 240 அளவில் அமுக்கம் தந்த அதே கணக்கு இப்போது மறுதிசையில் வேலை செய்கிறது. மீட்சி எல்லையின் அமுக்கத்திலிருந்து மீட்சி எல்லையின் இழுவைக்குச் செல்ல 500 மெகாபாஸ்கல் மாற்றம் வேண்டும். அதற்கு 200 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட குளிர்ச்சி போதும்.

பற்றவைத்த தகட்டில் சுவர்கள் எங்கே இருக்கின்றன என்று வினவலாம். உருகிய கோட்டின் இருபுறமும் உள்ள குளிர்ந்த உலோகமே சுவர். நடுவில் இருக்கும் ஒடுங்கிய சூடான பட்டை விரியவும் சுருங்கவும் முயல்கிறது. அகன்ற குளிர்ந்த பகுதி அதனைப் பிடித்து நிறுத்துகிறது. இறுதியில் பற்றவைத்த கோட்டில் மீட்சி எல்லைக்கு நெருங்கிய இழுவையும், அதனைச் சமன்செய்யும் அமுக்கம் சற்றுத் தொலைவிலும் தங்கிவிடுகின்றன. மெல்லிய தகடாயின் அவ்வமுக்கம் தாளாமல் அலைபோல் நெளிந்துவிடும். பற்றவைத்த தகடு கோணுவதற்குப் பட்டறையில் கையாளின் மீது பழி விழுவதுண்டு. பெரும்பாலும் அது வெப்பத்தின் செயல்.

தாளில் தொடங்கிய கணக்கு

ஆக, முதற்கேள்வி வெப்பநிலை பற்றியது. நகரும் மின்வில்லைச் சுற்றி ஒவ்வொரு புள்ளியிலும் சூடு எவ்வளவு? 1941இல் டேனியல் ரோசென்தால் இதற்கொரு நேர்த்தியான விடை தந்தார். கரையில் நிற்பவருக்குப் படகு விலக்கும் நீரலை நகர்ந்துகொண்டே இருக்கும். படகில் அமர்ந்திருப்பவருக்கு அதே அலை எப்போதும் ஒரே வடிவில் பின்தொடர்வதாகத் தோன்றும். அதுபோல, மின்வில்லோடு சேர்ந்து பயணிக்கும் ஒருவரைக் கற்பனை செய்தால், சுற்றிலும் உள்ள வெப்பநிலைப் பரவல் அவருக்கு மாறாத ஒன்றாகவே இருக்கும். காலம் என்னும் மாறி கணக்கிலிருந்து விலகிக்கொள்கிறது.

25 வோல்ட், 200 ஆம்பியர் மின்வில் 5000 வாட் திறன் தருகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு, 4000 வாட், தகட்டுக்குள் செல்வதாகக் கொள்வோம். மிகத் தடித்த தகட்டின் மேற்பரப்பில், மின்வில்லுக்கு நேர் பின்னால் உள்ள புள்ளியின் வெப்பநிலை உயர்வைக் காண, இத்திறனை இரண்டு, பை, வெப்பக் கடத்துதிறன், தொலைவு ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுக்கவேண்டும் என்கிறது ரோசென்தாலின் சமன்பாடு. கடத்துதிறனை மீட்டருக்கு டிகிரிக்கு 40 வாட் எனக்கொண்டால், 1 செ.மீ. பின்னால் ஏறத்தாழ 1600 டிகிரி உயர்வு, 2 செ.மீ. பின்னால் 800, 4 செ.மீ. பின்னால் 400. எஃகு 1500 டிகிரி அளவில் உருகுவதால், உருகிய குளத்தின் வால் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் நீளும் என்பது தாளிலேயே தெரிந்துவிடுகிறது. வியப்பு என்னவெனில், நேர் பின்னால் உள்ள புள்ளிகளுக்கான இக்கணக்கில் மின்வில் நகரும் வேகம் இடம்பெறுவதே இல்லை. முன்புறத்திலும் பக்கவாட்டிலும்தான் வேகம் வேலை செய்கிறது. வேகம் கூடினால் அங்கே சூடு பரவும் அகலம் குறைகிறது.

இவ்வளவு எளிய சமன்பாட்டுக்குக் குறையும் உண்டு. வெப்பம் முழுவதும் ஒரு புள்ளியில் இறங்குவதாக அது கொள்கிறது. அப்புள்ளியில் தொலைவு சுழியம். சுழியத்தால் வகுத்தால் வெப்பநிலை முடிவிலியாகிறது. மேலும், எஃகின் கடத்துதிறன் எல்லாச் சூட்டிலும் ஒன்றே என்றும், உருகுவதற்கு உள்ளுறை வெப்பம் தேவையில்லை என்றும் அது கருதுகிறது. இவை எவையும் உண்மையல்ல.

கணினிக்குள் ஒரு பட்டறை

குறைகளைக் களைய, தகட்டினை ஆயிரக்கணக்கான சிறு கட்டிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சமன்பாடு எழுதும் வழி பின்னர் உருவாயிற்று. இதனை முடிவுறு கூறு முறை என்பர். பற்றவைப்பின் வெப்பத்தையும் அதனால் விளையும் தகைவையும் இம்முறையில் கணக்கிடும் ஆய்வுகள் 1970களின் தொடக்கத்தில் வெளிவந்தன. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யூக்கியோ உயெடாவும், அமெரிக்காவில் ஹிப்பிட், மார்சல் ஆகியோரும் இதில் முன்னோடிகள்.

பற்றவைக்கும் கோட்டின் அருகே கட்டிகள் ஒரிரு மி.மீ. அளவிலும், விலகிச் செல்லச் செல்லப் பெரிதாகவும் அமைக்கப்படுகின்றன. நொடிக்கு 5 மி.மீ. வேகத்தில் ஒரு மீட்டர்க் கோடு முடிய 200 நொடிகள் ஆகும். அதனை ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்காக நறுக்கினால், ஆறும் காலத்தைச் சேர்க்காமலேயே 1000 படிகள். ஒவ்வொரு படியிலும் முதலில் வெப்பநிலை, பிறகு அதனால் எழும் திரிபு, பிறகு தகைவு எனக் கணக்கு நகர்கிறது. ஒவ்வொரு கட்டியின் வலிமையும் அந்தந்த நேரத்துச் சூட்டுக்கேற்ப மாற்றப்படுகிறது. 600 டிகிரியில் கட்டுமான எஃகின் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடுமே! பற்றுக்கோலிலிருந்து உருகி வந்து சேரும் புதிய உலோகத்துக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அதற்குரிய கட்டிகள் முதலில் கணக்கில் உறங்கிக்கிடக்கும். மின்வில் வந்தடையும் கணத்தில் உயிர்பெறும்.

புள்ளி வெப்பத்தின் முடிவிலிச் சிக்கலைத் தீர்த்தவர் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கோல்டாக். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1984இல் வெளியிட்ட மாதிரி, வெப்பத்தை முட்டை வடிவப் பருமனுக்குள் பரப்பி வைக்கிறது. முன்பாதி குட்டையானது, வால்போன்ற பின்பாதி நீண்டது. உலகெங்கும் இன்றுவரை மிகுதியாகப் பயன்படுவது இம்மாதிரியே. எனினும் அம்முட்டையின் நீள அகலங்களை மாதிரி தானே சொல்வதில்லை. உண்மையான பற்றவைப்பு ஒன்றைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, அமிலத்தால் அரித்து, உருகிய எல்லையை அளந்து, அதற்குப் பொருந்துமாறு எண்கள் தெரிவு செய்யப்படுகின்றன. குளத்தின் வடிவத்தை இம்மாதிரி முன்னறிவிக்கிறது என்று கூறுவது அதனால் மிகை. அளந்த வடிவத்தை வாங்கிக்கொண்டு தகைவை முன்னறிவிக்கிறது என்பதே பொருத்தம்.

குளத்தின் வடிவம் ஏன் அப்படி அமைகிறது என்பதற்குத் திரவ ஓட்டத்தைக் கணக்கிடவேண்டும். அங்கே ஆளும் விசை பரப்பு இழுவிசை. தூய உருகிய எஃகில் சூடு மிகுந்த நடுப்பகுதியில் அது குறைவு. குளிர்ந்த விளிம்பில் மிகுதி. எனவே மேற்பரப்பு விளிம்பை நோக்கி இழுபட்டு, குளம் அகன்று ஆழமற்றதாகிறது. எஃகில் மிகச் சிறிதளவு கந்தகம் இருந்தால் இவ்வுறவு தலைகீழாகி, ஓட்டம் நடுவை நோக்கிப் பாய்ந்து கீழிறங்குகிறது, குளம் ஆழமாகிறது. ஒரே பெயரில் விற்கப்படும் இரு எஃகுத் தகடுகள், ஒரே மின்னோட்டத்தில், ஒன்று ஆழமாகவும் மற்றொன்று மேலோட்டமாகவும் உருகிய புதிர் 1980களில் இவ்வாறுதான் அவிழ்ந்தது. தகட்டின்மீது தக்க ஆக்சைடு தூள்களைப் பூசி இதே விளைவை வேண்டுமென்றே வரவழைப்பதும் உண்டு. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் துருப்பிடிக்காத எஃகு வகைகளுக்கு இம்முறையை ஆராய்ந்து, அவ்விணைப்புகளின் எஞ்சிய தகைவையும் உருக்குலைவையும் கணினிவழிக் கணித்துள்ளது.

எஃகு ஆறும்போது அதன் படிக அமைப்பும் மாறுகிறது. விரைந்து ஆறினால் மார்டென்சைட் என்னும் கடினமான, எளிதில் முறியும் அமைப்பு தோன்றும். 800 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்பதைக் கொண்டே பொறியாளர்கள் இதனைக் கணிக்கின்றனர். தடித்த தகடுகளைப் பற்றவைக்குமுன் சூடேற்றி வைப்பது அந்நேரத்தை நீட்டிக்கத்தான்.

கணக்கை நம்பலாமா?

திரையில் வண்ணமயமாகத் தெரியும் தகைவுப் படம் நம்பிக்கையை எளிதில் ஊட்டிவிடும். அதனால் அளந்து சரிபார்த்தல் இன்றியமையாதது. தகட்டில் சிறுதுளையிட்டு, அருகே ஒட்டிய திரிபளவிகள் காட்டும் தளர்ச்சியைக் கொண்டு மேற்பரப்பின் தகைவை அறியலாம். ஆழத்தில் உள்ளதை அறிய நியூட்ரான் கற்றையைச் செலுத்தி, விளிம்பு விளைவால் அணு அடுக்குகளின் இடைவெளி எவ்வளவு நீண்டுள்ளது அல்லது குறுகியுள்ளது என அளக்கின்றனர். 'நெட்' என்னும் ஐரோப்பிய ஆய்வுக் கூட்டமைப்பு, துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்றின்மீது ஒரே ஒரு பற்றவைப்புக் கோடு இட்ட மாதிரியைப் பல ஆய்வுக்கூடங்களுக்குப் பொதுவாக்கியது. சிலர் அளந்தனர், சிலர் கணக்கிட்டனர். அவ்வளவு எளிய மாதிரியிலும் கணக்குகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. அமுக்கமும் இழுவையும் மாறிமாறி வரும்போது உலோகம் எவ்வாறு இறுகுகிறது என்பதை ஒவ்வொருவரும் எவ்வாறு எழுதினர் என்பதே வேறுபாட்டின் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

கப்பல் போன்ற பேருருக்களில் ஒவ்வொரு கோட்டையும் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட எந்தக் கணினிக்கும் நேரம் போதாது. அங்கே, ஒரு சிறு இணைப்பில் எஞ்சும் நிலையான சுருக்கத்தை மட்டும் கண்டறிந்து, அதனை முழுக் கட்டமைப்பிலும் புகுத்தி, ஒட்டுமொத்தக் கோணலைக் கணிக்கும் சுருக்கவழி கையாளப்படுகிறது. உயெடா காட்டிய வழி இது. இதனால் எந்தக் கோட்டை முதலில் இடுவது, எதனை இறுதியில் இடுவது என்னும் வரிசையைப் பத்து விதமாகத் திரையில் மாற்றிப் பார்க்க முடிகிறது. நீண்ட கோட்டினைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் வேலை முன்னேறும் திசைக்கு எதிராகப் பற்றவைக்கும் பழக்கம் கணினிக்கு முன்பே தொழிலாளரிடம் இருந்தது. முந்தைய துண்டு ஆறி இறுகியிருப்பதால் அடுத்த துண்டின் விரிவு கோட்டை விரித்துத் திறக்க இடம் பெறுவதில்லை என்பதை, ஒவ்வொரு நொடியின் இடப்பெயர்ச்சியையும் வரிசையாக அடுக்கிக் காட்டும் திரையில் இன்று காணலாம்.